எட்டாவது இடம்

உசிலம்பட்டிப் பள்ளிக்கூட அணியில் கூடைப்பந்து ஆடிய நதியாவுக்கு இப்போது நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. அங்கே எட்டு ஆண்கள் இன்டர்நெட்டில் ஒரு போட்டி நடத்தினார்கள். அமெரிக்கக் கூடைப்பந்து சீசனுக்கு முன்னால், ஆளுக்கொரு கற்பனை அணிக்கு நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்க வேண்டும். அவர்கள் அங்கே எடுக்கும் புள்ளி இங்கே சேரும். யாரைப் பொறுக்குவதென்று நதியாவைத்தான் கேட்பார்கள்.

2006இல் ஓர் இடம் காலியானது.

"எனக்குக் குடுங்க சார்," என்றாள்.

முதலாளி மகன் தமிழ்செல்வன் சிரித்தான். "பசங்க வெளையாட்டு, உங்களுக்கெதுக்குங்க? எங்க மச்சான் வர்றாருங்க."

"அவருக்குப் பந்து உருண்டையா சதுரமான்னாச்சும் தெரியுமா சார்?"

"அதெல்லாம் சொல்லத்தான நீங்க இருக்கறீங்க? இந்த வாட்டி ஆள் பொறுக்க எனக்குத்தான் மொத சான்ஸ். லிஸ்ட் குடுங்க."

அவள் பட்டியலில் முதல் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. போன சீசனில் புள்ளிகளை அள்ளியவன். முழங்கால் ஆபரேஷன் ஆகி அவன் இந்த சீசன் ஆடப்போவதில்லை என்று காலையில்தான் படித்திருந்தாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் அதே பெயரை முதலில் எழுதினாள்.

"இவன விட்ராதீங்க சார்."

மார்கழியில் தமிழ்செல்வனின் அணி கடைசியில் கிடந்தது. மச்சான் சொன்னது அவள் காதில் விழுந்தது: "பொம்பளப் புள்ள பேச்சக் கேட்டா இப்படித்தானுங்க மாப்ள."

அடுத்த வருஷம் யாரும் அவளிடம் லிஸ்ட் கேட்கவில்லை.