இரண்டு முறை விடுவித்த நினைவகம்

நெற்றியில் கட்டோடு அண்ணாச்சி எங்கள் அலுவலகத்துக்குள் வந்தபோது காலை பதினோரு மணி இருக்கும். அம்பாசமுத்திரத்தில் வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கிறவர். அவர் பயன்படுத்திய ரவுட்டர் பெட்டி வண்ணார்பேட்டையில் நாங்கள் செய்தது. அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான கர்னலுக்குள், இணையத் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளை வாங்கிச் சேர்க்கும் நிரல் நான் எழுதியது. பெட்டியை என் மேஜைமேல் ஓங்கிப் போட்டார். மேஜைக் கண்ணாடி உடைந்தது.

"ஏலே, இதுக்குள்ள என்னத்தலே எழுதி வச்சிருக்க?"

நான் எழுவதற்குள் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினார். உதடு கிழிந்தது. கூட வேலை செய்யும் பெண் கத்திக்கொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

முந்தின நாள், கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஊரே ஒரே நேரத்தில் இணையத்துக்கு வர, பெட்டி திரும்பத் திரும்பச் செத்திருக்கிறது. சாயங்காலம் கூட்டம் அவர் கடைக்குள் புகுந்து கம்ப்யூட்டர்களை நொறுக்கியது. விண்ணப்பிக்க முடியாமல் போன ஒரு பெண்ணின் அப்பா இரும்பு நாற்காலியால் அவர் நெற்றியில் அடித்திருந்தார். ஏழு தையல்.

அவர் போனதும் முதலாளி சொன்னார்: "கரண்டு ஏறி இறங்கிருக்கும்னு எழுதிக் குடுத்துருவோம். நீ போலீஸ்ல ஒரு புகார் குடு. அடங்கிருவாரு."

உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டு என் நிரலைப் படித்தேன். பாக்கெட்டை நினைவகத்தில் ஓர் இடத்தில் வைத்துக் கர்னலிடம் ஒப்படைத்துவிட்டால், அதன்பிறகு அந்த இடம் என்னுடையதல்ல. பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை நிரம்பிவிட்டால் கர்னலே பாக்கெட்டை எறிந்து, அந்த இடத்தையும் அடுத்த பாக்கெட்டுக்காக விடுவித்துவிட்டு, எறிந்ததாக எனக்குச் சொல்லும். நான் அதை 'வாங்கிக்கொள்ளவில்லை' என்று புரிந்துகொண்டு, அதே இடத்தை மறுபடி விடுவித்திருந்தேன். ஒரே இடம் இரண்டு பாக்கெட்டுகளுக்குப் போய், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எழுதியிருக்கிறது. எங்கள் சோதனையில் வரிசை ஒருநாளும் நிரம்பியதில்லை. அப்படி நிரப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு பெட்டியில் பாக்கெட்டுகளை வெள்ளமாக விட்டேன். நான்கு நொடியில் செத்தது. நிரலில் இரண்டாம் முறை விடுவிக்கும் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி விட்டேன். இரண்டு மணி நேரம் அசையாமல் ஓடியது. அந்தப் பெட்டியோடு அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினேன்.

"தப்பு எம்மேலதான், அண்ணாச்சி. ஒரு வரி."

"ஒரு வரிக்கா எம்மண்டைய உடச்சானுவ?" சிரிக்க முயன்று, தையல் இழுக்க, வலியில் கெட்ட வார்த்தை சொன்னார். "இங்கனயே இரு. அடிச்சவனக் கூப்பிடுதேன். அவங்கிட்டயும் சொல்லு."

அந்த அப்பா வந்தார். சொன்னேன். என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். ஓங்கிய கை என் காதோரம் சுவரில் இறங்கியது. அவர் கைமுட்டியில் ரத்தம்.

"எம்மவ பச்சத்தண்ணி குடிக்காமக் கெடக்கா, தெரியுமாலே?"

"விட்டுரும்வே," என்று அண்ணாச்சி இடையில் புகுந்தார். "இவனுக்குக் காலைலயே நான் குடுத்துட்டேன்."

புகார் நான் கொடுக்கவில்லை. முதலாளி வெகுநாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அப்பாவின் மகள் அந்த வருடம் கல்லூரிக்குப் போகவில்லை என்று அண்ணாச்சி பிறகு சொன்னார்.