கூரைமேல் அம்மி

எங்கள் பக்கத்தில் தகரக் கூரை போட்டால் அதன்மேல் கல் வைப்போம். ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று சும்மா விடாது. மீனாட்சிபுரத்திலிருந்து பெருமாட்டி வரை எந்தக் கொட்டகையைப் பார்த்தாலும் மேலே கருங்கல்லோ பழைய டயரோ கிடக்கும். என் வீட்டுக்காரர் அம்மிக்கல்லை வைத்தார்.

அது என் அம்மி. கல்யாணத்துக்குச் சீராக வந்தது. மிக்ஸி வந்த பிறகு கிணற்றடியில் கிடந்தது. பிண்ணாக்கு, தவிட்டு மூட்டைகளை வைக்க மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை வேண்டுமென்று கேட்டது நான். பொள்ளாச்சியில் கொட்டகைச் செட்டு போட்டுக் கொடுக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. இரும்புக் கால் நட்டு, கான்கிரீட் போட்டு, தகரத்தைப் போல்ட் வைத்து முறுக்கிவிட்டுப் போவார்கள்.

“ஏனுங்க, அவங்ககிட்டயே உட்டுப்போடலாமுங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு ஏணி ஏறற வேலை?” என்றேன்.

“என்ற காட்டுல குழி தோண்ட எனக்குத் தெரியாதா? வெளியூர்க்காரனுக்கு நம்ம காத்தப் பத்தி என்ன தெரியும்?” என்றார்.

பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தென்னஞ்சட்டம் இழைத்து, ஒற்றை ஆளாக, பங்குனி வெயில் முழுக்க அங்கேயே நின்றார். கொட்டகை ஒரு பக்கம் கோணல். “மாடு சாஞ்சு படுத்தாப்ல இருக்குதுங்க” என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். ஆணி அடித்து மேலே கல் வைத்தால் அசையாது என்றார். கடைசித் தகரத்துக்குக் கல் தோதாக அமையாமல் அம்மியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். வேண்டாமென்று கத்தினேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஆடி பிறந்தது. ஒரு நாள் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தபோது காற்றும் சாரலுமாக அடித்தது. தகரம் படபடத்தது. மூட்டைகள் நனைகின்றன என்று அவர் உள்ளே குனிந்து இழுத்துக்கொண்டிருந்தார். வெளியே வாங்க என்று நான் கூப்பிடும்போதே தகரம் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு எழும்பியது. அம்மி அந்த இடைவெளி வழியாகச் சறுக்கி அவர் நடுமுதுகில் விழுந்தது.

இனி நடக்கமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இன்றுவரை அது தீரவில்லை. அவருக்கு உடம்பு துடைத்துவிடும்போதுகூட வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் துடைக்கிறேன்.

மாடுகளுக்கு இதெல்லாம் தெரியுமா? தீவனம் வேண்டும், அதை வைக்க இடம் வேண்டும். கம்பெனிக்காரர்களை வரச் சொன்னேன். பழையதைப் பிரித்துப் போட்டுவிட்டு வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள். முன்னறையில் படுத்திருந்தவர், “என்ன சத்தம் அம்முணி?” என்று கேட்டார். “பக்கத்துத் தோட்டத்துல செட்டுப் போடறாங்க” என்றேன். நம் கொட்டகையை ஓரிடத்தில் ஒட்டுப் போட்டு நிமிர்த்தியாயிற்று என்றும் சொல்லிவைத்தேன்.

அதிலிருந்து காற்றடித்தால் போதும், “கல்லு இருக்குதா, பாத்துட்டு வா” என்பார். நான் பின்பக்கம் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவேன். “இருக்குதுங்க” என்பேன். தோட்டத்தில் அவருக்கு மிச்சமிருந்த வேலை அந்தக் கேள்வி ஒன்றுதான். அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த ஆடியில் ஓர் அந்தி நேரம் காற்று வீட்டையே உலுக்கியது. அவர் கேட்பதற்கு முன்பே எழுந்தேன்.

“போக வேண்டாம், உக்காரு” என்றார். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “போல்ட்டெல்லாம் நல்லா முறுக்கியிருக்கானுகளா?”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “முறுக்கியிருக்காங்க” என்றேன்.

“சரி” என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு எவ்வளவு காற்றடித்தாலும் அவர் எதுவும் கேட்பதில்லை.