மாக்கிறேற் வாசித்த வாசகம்

ஊர்காவற்றுறையில் மாக்கிறேற்றோடு வாய் கொடுத்துத் தப்பினவர் எவருமில்லை. பஸ் கொண்டக்ரர், மீன் வாங்க வரும் யாவாரி, கட்டின புருஷன் பஸ்ரியாம்பிள்ளை என்று எல்லாரும் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். மாதா கோவில் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பதும் அவள்தான். அந்தக் குரலுக்கு மைக் ஒரு வீண் செலவு.

இந்த முறை திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் கூட வந்திருந்ததால், ஒரு வாசகத்தை ஆங்கிலத்தில் வைப்போம் என்றார் சுவாமியார்.

"நான் வாசிக்கிறன்" என்றாள் மாக்கிறேற்.

லண்டனிலிருந்து வந்திருந்த பஸ்ரியாம்பிள்ளையின் தங்கச்சி மேரிஜோசப்பினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மச்சாள், உமக்கேன் இந்த வில்லங்கம்? முன்னாலை ஒரு 'இ' போடாமல் உங்கட ஆக்களுக்கு இங்கிலிஷ் கதைக்க ஏலாது. என்ர மகள் அனோஜினி வாசிக்கட்டும்."

"உங்கட ஆக்களோ? அப்ப நீர் எங்கை பிறந்தனீர்?"

கேட்கவேண்டிய கேள்விதான். மேரிஜோசப்பினும் ஒரு காலம் இதே ஊரில் 'இஸ்ரோங்' தேத்தண்ணி கேட்டுக் குடித்தவள். பிளேன் ஏறினதும் நாக்கை மாற்றிக்கொண்டாள்.

இப்போது விட்டுக்கொடுத்தால் அந்த வாசக மேடை இனித் தனக்கில்லை என்பது மாக்கிறேற்றுக்குத் தெரியும். வலையில் சிக்கிய நண்டைக் கை கழற்ற, வாய் அந்த ஆங்கில வாசகத்தில் வந்த 'ஸ்ட்ரெங்த்' என்ற ஒரே சொல்லோடு மல்லுக்கட்டியது. முன்னால் நின்ற 'இ'யை விரட்டினால் பின்னால் ஒரு 'உ' வந்து குந்தியது. இரண்டையும் விரட்டினால் சொல்லே வரவில்லை.

"அவள் என்ர தங்கச்சியெல்லே, விட்டுக்குடுமன்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

"அப்ப சோத்தையும் தங்கச்சியிட்டையே கேளுங்கோ."

திருவிழாவன்று மேடையேறினாள். முதல் வரிகள் நன்றாகத்தான் போயின. அந்தச் சொல் வந்தது. 'இஸ்ரெங்து' என்று ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது. முன்வாங்கில் குந்தியிருந்த மேரிஜோசப்பின் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

மாக்கிறேற் நிறுத்தினாள். அந்த வாங்கையே பார்த்தாள். பிறகு முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்கினாள்.

அதே சொல்லில் மறுபடியும் சிரிப்பு. மறுபடியும் முதல் வரி. சுவாமியார் லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். வாசகம் முடியாமல் பூசை நகராது. இடமில்லாமல் வாசலில் வெயிலில் நின்ற சனம் இப்போது முறைத்தது மேரிஜோசப்பினைத்தான். "வாயை மூடிக்கொண்டு இரும் பிள்ளை" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் சீறினார்.

அடுத்தமுறை மாக்கிறேற் அந்தச் சொல்லை முன்னால் 'இ'யும் பின்னால் 'உ'வுமாக, வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. வாசகம் முடிந்ததும், "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்று தமிழில் சொன்னாள்.

"இறைவா உமக்கு நன்றி" என்று மறுமொழி சொன்னது கோவில்.

மேரிஜோசப்பினின் உதடு மட்டும் அசையவில்லை. மாக்கிறேற் புத்தகத்தை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோவில் முழுக்கத் திரும்பி அந்த வாங்கைப் பார்த்தது. கடைசியில் அந்த உதடும் அசைந்தது.

அதற்குப் பிறகுதான் மாக்கிறேற் மேடையை விட்டு இறங்கினாள்.