மாரீஸ்வரி வாசித்த விண்வெளிக் கதை

“மேடம், எப்போ பார்த்தாலும் பஸ், மழை, தக்காளின்னே எழுதுறீங்களே... புத்தகம் எதுவும் படிக்கிறதில்லையா?”

போன வாரம் ஒரு வாசகர் மெயிலில் கேட்டிருந்தார். கேள்வியா, குத்தலா தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

படிக்கிறேன் சார். காலையில் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால், விருதுநகரில் ஆபீஸுக்கு இறங்கும் வரை படிப்புதான். செல்போனில் மின்னூல். கொஞ்ச நாளாக விஞ்ஞானக் கதை, மாயாஜாலக் கதை என்று ஒரே பித்து. ஜன்னலுக்கு வெளியே வெடித்த கரிசலும் சீமைக்கருவேலமும், போனுக்குள்ளே செவ்வாய் கிரகம்... பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரிவதில்லை!

சமீபத்தில் படித்ததில் ஒன்று, மழையைக் குடித்து வளரும் யாளிகளோடு ஒரு ராஜகுமாரி சண்டை போடும் கதை. முதல் பாகம் அபாரம். இரண்டாவது முழுக்க வம்சாவளி. மூன்றாவதில் ராஜகுமாரி வாளை எடுக்கப் போகிறாள், போகிறாள்... போய்க்கொண்டே இருக்கிறாள். நான்காவதை நான் தொடவில்லை. அப்புறம், சமையல்கார ரோபோவுக்கு மனசாட்சி வந்துவிடும் கதை. நல்ல கற்பனைதான். ஆனால் எழுதியவர் அடுப்படிப் பக்கமே போனதில்லை என்று இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ரசத்தைத் தளதளவென்று கொதிக்க விடுகிற ரோபோவுக்கு என்ன பெரிய மனசாட்சி?

இன்னொரு புத்தகம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் முழுக்க. பெயர் சொல்லமாட்டேன் — ஏனென்றால் முடிவைச் சொல்லப்போகிறேன்.

தூரத்து நிலா ஒன்றில் பழுதாகிவிட்ட தண்ணீர் நிலையத்தைச் சரிசெய்யப் போகிறான் ஓர் என்ஜினீயர். அங்கே அவனுக்கு ஒரு வருடம் ஓடினால், பூமியில் ஒரு தலைமுறையே ஓடிவிடும். கிளம்பும்போது அவன் மகள் சின்னஞ்சிறு பிள்ளை.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒருநாள் என் செல்போன் திரைமேல் ஒரு விரல் வந்து நின்றது.

“அக்கா, திருப்பிராதீங்க... இன்னும் ரெண்டு வரி.”

பக்கத்து சீட்டுப் பெண். பாலவனத்தத்தில் ஏறியவள். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அவளும் படித்துக்கொண்டே வந்திருக்கிறாள்! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம்மோடு சேர்ந்து ஒருத்தி அதே வரியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படிக் கோபம் வரும்?

பெயர் மாரீஸ்வரி. விருதுநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. புருஷன் முருகேசன் சவுதியில் டிரெய்லர் ஓட்டுகிறார். அவர் கிளம்பும்போது மாரீஸ்வரிக்கு வயிற்றில் ஆறு மாதம். இப்போது மகள் கனிஷ்காவுக்கு ரைம்ஸெல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு தடவையும், “மாடியில ஒரு ரூம் எடுத்துட்டா வந்துருவேன்” என்பாராம். ரூம் எடுத்தாயிற்று. அப்புறம் பாத்ரூம். அப்புறம் பூச்சுவேலை...

“டெய்லி பேசுவீங்களா?” என்று கேட்டேன்.

“பேசுவோம்க்கா. சாப்பிட்டியாம்பாக. சாப்பிட்டேன், நீங்கம்பேன். ம்ம்பாக. பிள்ள தூங்கிருச்சாம்பாக. அம்புட்டுத்தான். அதுக்கு மேல என்ன பேசன்னு ரெண்டு பேருக்கும் தெரியல.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அவள் போனில் அந்த மின்னூலை இறக்கிக் கொடுத்தேன். அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. தான் படிக்கிற அத்தியாயத்தை அவள் வாய்விட்டு வாசித்து, வாய்ஸ் மெசேஜாகப் புருஷனுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். பாலைவனத்து ரோட்டில் மணிக்கணக்காகத் தனியாக வண்டி ஓட்டுகிறவர். கண் ரோட்டில் இருந்தாலும் காது சும்மாதானே இருக்கிறது?

ஒரு வாரம் கழித்துப் பஸ்ஸில் ஏறியவள் முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, நேத்து அவுக அரை மணி நேரம் பேசுனாக!”

“என்னவாம்?”

“எல்லாம் அந்த என்ஜினீயரக் கூட்டிட்டுப் போற ராக்கெட் கேப்டனத் திட்டித்தான். டேங்க்ல ஓட்டைன்னு தெரிஞ்ச பெறகும் எவனாச்சும் வண்டிய எடுப்பானா, அவனுக்கு யாரு லைசென்சு குடுத்ததுன்னு ஒரே சத்தம். நான், கேப்டன் என்ன செய்வாரு, நிலாவுல தண்ணியில்லாம சனங்க காத்துக் கெடக்காகள்லன்னேன். சண்டக்கா! செமச் சண்ட!”

இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். புருஷனோடு சண்டை போட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்ணை நான் கண்டதில்லை.

அதன்பிறகு தினமும் சண்டைதான். அவரோடு ரூமில் தங்கியிருக்கும் டிரைவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை லீவு நாளில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்டார்களாம். என்ஜினீயர் அந்த நிலாவில் மகளுக்கு அனுப்பும் செய்தி, அவள் கைக்குப் போய்ச் சேரும்போது அவள் காலேஜ் முடித்திருப்பாள் என்று வரும் இடம் இருக்கிறது. அந்த அத்தியாயத்துக்கு மட்டும் முருகேசன் கருத்து எதுவும் சொல்லவில்லையாம்.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். என்ஜினீயர் திரும்பவில்லை. திரும்பிப்போனால் தன்னை அடையாளம் தெரிந்தவர்கள் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று, பூமியைப் பார்த்துக்கொண்டே ரேடியோவை அணைத்துவிடுகிறான். அதோடு முடிகிறது. பிரமாதமான முடிவு என்றேன் நான். எழுத்தாளர் மிரட்டிவிட்டார் என்றேன்.

“என்னத்தப் பிரமாதம்?” மாரீஸ்வரி வெடுக்கென்று திரும்பினாள். “அந்தப் பிள்ள என்ன பாவம் பண்ணுச்சு?”

“இலக்கியம்னா அப்படித்தான் மாரி.”

“இலக்கியமாவே இருக்கட்டும்க்கா.” போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

அன்று மாலை அவள் என்ன செய்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. கடைசி அத்தியாயத்தைப் பாதி வரை புத்தகத்தில் இருந்தபடி வாசித்தவள், மீதியைத் தானே இட்டுக்கட்டிச் சொல்லிவிட்டாள். என்ஜினீயர் ஊருக்கு வந்துவிடுகிறான். தலை நரைத்த ஒரு பொம்பளை கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். ‘அப்பா, வாங்க. சாப்பிடாம இருக்கேன்’ என்கிறாள். அவ்வளவுதான். முற்றும்.

முருகேசனுக்கு முடிவு ரொம்பப் பிடித்துப்போனது. ரூமில் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் ஒருத்தர் மட்டும், கதை நல்லா இருக்கே என்று புத்தகத்தைத் தன் போனில் இறக்கிப் படித்துவிட்டார்!

முருகேசன் உடனே மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார்.

“அவன் வரவே இல்லையாம்ல? நீ ஏன் மாத்திச் சொன்ன?”

“அழுக பொத்துக்கிட்டு வந்துருச்சுக்கா” என்றாள் மாரீஸ்வரி, மறுநாள் பஸ்ஸில். “போனக் காதுல வச்சுக்கிட்டே அழுதேன். அவுகளும் கட் பண்ணல. ரொம்ப நேரம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. பெறகு, ‘வாரேன்’னாக.”

“வேறென்ன சொன்னார்?”

“வேற ஒண்ணும் சொல்லல. வாரேன்னாக.”

பூச்சுவேலை பாதியில் நிற்க, ஒரு மாத லீவில் வந்துவிட்டார் மனிதர். அந்த ஞாயிற்றுக்கிழமையே பாலவனத்தம் போனேன். மாரீஸ்வரி வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தாள். முருகேசன் எனக்குச் சேர் எடுத்துப் போட்டு, கேப்டன் செய்த தப்புகளை வரிசையாகச் சொன்னார். ஆனால் அவர் கண் மட்டும் அடுப்படி வாசலிலேயே இருந்தது. அங்கே கனிஷ்கா அம்மாவின் நைட்டியைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்தாள். வந்து நான்கு நாளாகியும் கிட்டவே வரவில்லையாம். அவர் வாங்கி வந்த பொம்மை கட்டில் மேல் பிரிக்காமல் கிடந்தது.

“அப்பாதான்டா கனி. போய் உக்காரு” என்றாள் மாரீஸ்வரி.

“இல்ல. அப்பா போன்ல இருக்காங்க.”

முருகேசன் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். மாரீஸ்வரியின் போன் அடித்தது. வீடியோ கால். கனிஷ்கா ஓடிப்போய் எடுத்தாள்.

“அப்பா! நம்ம வீட்டுக்கு யாரோ வந்துருக்காங்கப்பா. பொம்ம வாங்கிட்டு வந்துருக்காங்க.”

“அப்படியாத்தா? ஆளு எப்படி இருக்காரு?” போனிலும் குரல் கேட்டது, கொல்லையிலிருந்தும் லேசாகக் கேட்டது.

“நல்லா இருக்காங்க. மீச வச்சுருக்காங்க. நீ எப்பப்பா வருவ?”

பின்வாசல் கதவு திறந்தது. போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி முருகேசன் உள்ளே வந்தார்.

கனிஷ்கா திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரை. பிறகு போனைத் தரையில் வைத்துவிட்டு மெல்ல நடந்து போய், அவர் மீசையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். சூடு சுடுமா என்று பார்ப்பது போல.

“அப்பா, நீ பெருசா இருக்க” என்றாள்.

அவர் தூக்கிக்கொண்டார். மாரீஸ்வரி அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு அங்கே என்ன வேலை? சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

லீவு முடிந்து, போன புதன்கிழமை முருகேசன் திரும்பப் போய்விட்டார். அக்ரிமெண்ட் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. மதுரை ஏர்போர்ட்டில் கனிஷ்கா கழுத்தை விடவே இல்லையாம். முன்பு யாரென்றே தெரியாததால் அழாத பிள்ளை, இப்போது தெரிந்துகொண்டதால் அழுகிறது. எது தேவலை? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று பஸ்ஸில் மாரீஸ்வரி கண்ணெல்லாம் வீங்கிப்போய் வந்து உட்கார்ந்தாள். சூலக்கரை தாண்டும்போது என் போனை எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, அவுகளுக்கு வாசிக்க வேற ஒண்ணு சொல்லுங்க. யாரும் எங்கயும் கெளம்பிப் போகாத கதையா.”

நேற்றிலிருந்து தேடுகிறேன். விஞ்ஞானக் கதையிலும் மாயாஜாலக் கதையிலும், முதல் அத்தியாயத்திலேயே யாராவது ஒருத்தர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பித் தொலைக்கிறார்களே...!