செவலைக்கு ஊற்றிய குழம்பு

சோற்றுக்கடை வைத்திருப்பவர்களே, இலையில் மிச்சம் வைக்கிறவரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தைக் கொல்லை நாய்க்கு ஊற்றிப் புண்ணியம் தேடுகிறவரை என்ன செய்வது?

எங்கள் கடை பாம்பன் ரயிலடியில். என் இடுப்பில் கைப்பிள்ளை; கொல்லையில் நாலு குட்டி போட்ட செவலை நாய். குட்டிகளுக்கு அதன் பாலை விட்டால் வேறு கதியில்லை.

மிளகாய் மிதந்த மீன் குழம்பு

வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி ஒருவர், எண்ணெயும் மிளகாயும் மிதக்கிற மீன் குழம்பைச் சட்டியோடு செவலைக்குக் கவிழ்த்தார். பொழுதுக்கும் வாந்தி. மறுநாள் வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். மனுசர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஏத்தா, ஒங் கொழம்ப நாயே கக்கிருச்சுன்னு நீயே சொல்லித் திரியாத, யாவாரம் படுத்துரும்."

கார்டு ஐயாவின் குருமா

ரயில்வே கார்டு ஒருவருக்குக் கறிக் குருமா என்றால் உயிர். வெங்காயமும் தேங்காயும் அரைத்து, கொழுப்பு மிதக்க நாங்கள் வைப்பது. பாதியைத் தின்றுவிட்டு மீதியைச் செவலைக்கு ஊற்றக் கொல்லைக்குப் போவார். "பால் கொடுக்கிற நாய்ங்க, வேணாங்க" என்று குறுக்கே நின்றேன். ஒரு சோடாவைக் குடித்து முடித்து, இரண்டாவதை உடைக்கச் சொல்லி, நெஞ்சைத் தடவி ஏப்பம் விட்டபடி அவர் சொன்னது:

"நான் தின்னுட்டு கல்லு மாதிரி நிக்கலையா? நாய் என்ன என்னைவிட ஒசத்தியா?"

என் பத்தியக் குழம்பு

செவலைக்குப் பால் குறைந்தது. குட்டிகள் பசியில் ராவும் பகலும் கத்தின. அப்போது என் மாமியார் எனக்குப் பால் சுரக்கப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மிளகாய் கிடையாது, உரித்த பூண்டு, மிளகு, நல்லெண்ணெய். செவலையும் பிள்ளை பெற்றவள்தானே? என் பங்கில் பாதியைச் சோற்றில் பிசைந்து மூன்று வேளையும் வைத்தேன்.

நாலைந்து நாளில் செவலைக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. ஈறு வெளுத்துப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் மண்டபத்திலிருந்து மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். என்ன தின்றது என்று அவர் கேட்டதுதான் தாமதம், சம்மாட்டியையும் கார்டையும் கிழிகிழியென்று கிழித்தேன். கடைசியில், நான் வைத்த பத்தியத்தையும் பெருமையாகச் சொன்னேன். டாக்டர் சொன்னார்:

"எண்ணெயும் மிளகாயும் வயித்தைக் கெடுக்கும்மா. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ரத்தத்தையே கெடுக்கும். அவங்களாவது மிச்சத்தைத்தான் ஊத்துனாங்க. நீங்க வேளை தவறாம ஊத்தியிருக்கீங்க."

வெறுஞ்சோறும் முள்ளெடுத்த அவித்த மீனும் தின்று செவலை பிழைத்துக்கொண்டது, ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுத்துக் குட்டிகளும் தேறின. குழம்பு ஊற்ற வருகிறவர்களை நான் இன்றைக்கும் திட்டத்தான் செய்கிறேன், என் கையிலுள்ள கரண்டியை முதலில் கீழே வைத்துவிட்டு.