மொய் மேசையில் ஒட்டிய சம்பளச் சீட்டு

போன ஆனி மாதம் கீரமங்கலம் பூக்கடைகளில் மல்லிகையைவிட வேகமாக விலைபோனது ஒரு செய்தி. பூ விவசாயி திருப்பதியின் மகளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையாம், மாதம் நாலு லட்சத்து இருபதாயிரம் சம்பளமாம். நான் டீயை வாங்கும்போது சம்பளம் மட்டும்தான் இருந்தது. குடித்து முடிப்பதற்குள் கம்பெனி காரும் சேர்ந்துவிட்டது. பொறாமைக்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினேன்.

திருப்பதி பொய் சொல்லியிருக்கவில்லை. மகள் பிரகதீஸ்வரி வேலைக் கடிதத்தைப் படித்துவிட்டு, நாலு புள்ளி ரெண்டு லட்சம் என்றிருக்கிறாள். அவர் அதை அப்படியே பூ மண்டியில் சொல்லியிருக்கிறார். வருடத்துக்கு என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வாத்தியார் முதல் கண்டக்டர் வரை சம்பளம் என்றால் மாதம்தான் இந்த ஊரில். வருடக் கணக்கில் சொல்கிற சம்பளம் ஒன்று இருப்பது யாருக்குத் தெரியும்?

அந்த நாலு புள்ளி இரண்டிலும் ஒரு பகுதி, ஆண்டுக் கடைசியில் கம்பெனிக்கு மனசிருந்தால் வரும். ஒரு பகுதி அவளுக்குத் தலை நரைத்தபின் வரும். இன்னொரு பகுதி அவள் ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும். நரைக்காமல், படுக்காமல் மாதாமாதம் கைக்கு வருவது இருபத்தேழாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.

வதந்தியால் யாருக்கும் கெடுதல் இல்லையே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த வீட்டில் ஆடி மாதம் மொய் விருந்து வைப்பதாக இருந்தது. மகளின் நாலு வருடப் படிப்புக்காகத் திருப்பதி மல்லிகைக் கொல்லையை ஐந்து லட்சத்துக்கு அடமானம் வைத்திருந்தார். ஆவணி பிறப்பதற்குள் மீட்காவிட்டால் கொல்லை கைமாறிவிடும்.

மொய் விருந்து என்பது எங்கள் பக்கத்து வங்கி. ஆட்டுக்கறி போட்டு ஊரை அழைப்பார்கள். சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு தொகை எழுதுவார்கள். வட்டி கிடையாது. எழுதியவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பி எழுத வேண்டும், கொஞ்சம் கூட்டியும் எழுத வேண்டும். திருப்பதி பிறருக்கு எழுதியதெல்லாம் திரும்பி வந்தாலும் தேவையில் பாதிதான் தேறும். மறுபாதி, புதிதாக எழுதுகிறவர்கள் அந்தச் சம்பளத்தை நம்பி எழுதினால்தான் உண்டு. ஆக வதந்திதான் வீட்டிலிருந்த ஒரே சொத்து.

விருந்துக்கு முதல் நாள் ஊருக்கு வந்த பிரகதீஸ்வரிக்கு இது புரிந்தபோது அப்பாவோடு சண்டை வந்தது.

"நாலு லட்சம்னு நெனச்சு ஆளுக்கு இருவதாயிரம் எழுதுவாங்க. நான் எதை வச்சுப்பா திருப்பிச் செய்வேன்?"

"விருந்து முடியட்டும் ஆத்தா. அப்பறமா மெல்லச் சொல்லிக்குவோம். கொல்லை போயிரும்."

"கொல்லை போனா வேற வாங்கலாம். ஏமாத்தி வாங்குனா நாளைக்கு நம்ம வீட்டு வாசலுக்கு ஒருத்தர் வரமாட்டாங்க."

அவள் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ச் சம்பளச் சீட்டைப் பெரிதாக்கி வாங்கிவந்தாள். மறுநாள் விருந்துப் பந்தலில் மொய் எழுதும் மேசையில் அதை ஒட்டினாள். சீட்டு இங்கிலீஷில் இருந்ததால், சிவப்பு மையில் தமிழும் சேர்த்தாள்: 'மாதம் கைக்கு வருவது 27,140. பார்த்துவிட்டு எழுதவும்.'

மொய் எழுத உட்கார்ந்த பிச்சைமுத்து கடமை தவறாதவர். நோட்டைத் திறக்குமுன் ஒவ்வொருவருக்கும் அதை வாய்விட்டு வாசித்தார். வரிசை நின்றுவிட்டது. எண்ணிவைத்த பணக்கட்டில் பாதி பைக்குள் திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். கை கழுவப் போன ஒருவர் இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறார். திருப்பதி பந்தல் காலைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றார்.

வரிசையின் நடுவிலிருந்து ராசாத்தி முன்னால் வந்தார். திருப்பதி கொல்லையில் பூ எடுக்கிறவர். தினக்கூலி.

"எதுக்குய்யா நிக்கிறீங்க? நாலு லட்சம் வாங்குறவ ஒங்க போனையே எடுக்கமாட்டா. இருவத்தேழாயிரம்னு ஒட்டி வச்சவ கண்டிப்பாத் தருவா. பிச்சைமுத்தண்ணே, எம்பேருக்கு ரெண்டாயிரம் எழுதுங்க."

யாரோ சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது. பைக்குள் போன பாதி எல்லாமே வெளியே வந்துவிடவில்லை, சிலது வந்தது. ஆட்டுக்காரர், பந்தல்காரர் கணக்கெல்லாம் தீர்த்தபின் ஐந்து லட்சத்துக்கு இருபத்தைந்தாயிரம் குறைந்தது. பிரகதீஸ்வரி தன் சேமிப்பைத் துடைத்துப் போட்டாள். ஆடி முடிய இரண்டு நாள் இருக்கையில் கொல்லைப் பத்திரம் வீட்டுக்கு வந்தது.

பிறகு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பணத்தைக் கையாளக் கற்றுத்தர கம்பெனியில் ஒரு வகுப்பு வைத்தார்களாம். உங்கள் கடன்களைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் மொய் என்றிருக்கிறாள். வட்டி எவ்வளவு என்றதற்கு இல்லை. பத்திரம் என்றதற்கு ஒரு நோட்டு. தவணைத் தேதி என்றதற்கு, அவங்க வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்தும்போது. வகுப்பெடுத்தவர் அதற்கான கட்டம் தன் படிவத்தில் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

அவளிடம் கட்டம் இருக்கிறது. நோட்டு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறாள். சம்பளம் வந்ததும் எட்டாயிரத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறாள். அப்புறம்தான் விடுதி வாடகையும் சாப்பாடும் வீட்டுக்கு அனுப்புவதும். உடன் வேலை பார்ப்பவர்கள் தவணையில் போன் வாங்குகிறார்கள், இவளைக் கேலி செய்கிறார்கள்.

கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லங்க. என்னையப் படிக்க வச்சது நானூத்திப் பதிமூணு பேரு. பேரு ஊரோட தெரியும். யாருக்கு இப்படி அமையும்?"

கிண்டலுக்கு ஏதாவது தேடிப் பார்த்தேன், சிக்கவில்லை. இதுவரை பதினோரு விசேஷங்களுக்குத் திருப்பிச் செய்துவிட்டாள். ராசாத்தியின் பேத்தி சடங்குக்கு மூவாயிரம் எழுதினாள்.

சிக்கல் மொய் நோட்டின் ஒரே ஒரு வரியில்தான். மீமிசலில் மீன் வண்டி ஓட்டும் ஹாமித் விருந்தன்று அந்த வழியே போனவர், திருப்பதிக்குப் பழக்கம் என்பதால் இறங்கிச் சாப்பிட்டு ஆயிரம் எழுதிவிட்டுப் போனார். ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொந்த வீடில்லை, காது குத்தப் பிள்ளையில்லை. விசேஷம் இல்லாதவருக்கு மொய் எப்படித் திரும்பும்? பிரகதீஸ்வரி போனில் ஆயிரத்து இருநூறு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் அது திரும்பி வந்தது. கூப்பிட்டுக் கேட்டாள்.

"கையில வாங்குனா அது மொய்யாம்மா? நான் பத்திரிகை வைக்கிறப்ப வந்து எழுது."

எப்போது வைப்பார் என்று கேட்டாளாம். பொண்ணு பாத்துக் குடு என்றாராம். பார்த்துக்கொண்டிருக்கிறாள்.