ரிசல்ட் அக்கா பார்க்காத பாதி

சுருண்டு கிடக்கும் கையை ஒரேயடியாகப் பிரிக்கக் கூடாது. முதலில் மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்க வேண்டும். விரல்கள் தாமாகவே கொஞ்சம் தளரும். பிறகு சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, வெந்நீரில் பிழிந்த துணியால் உள்ளங்கையைத் துடைத்து, விரல் இடுக்கில் ஈரம் தங்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ரிசல்ட் அக்கா இத்தனையும் வாயை மூடாமலே செய்வாள்.

“லாரிக்காரன் படம்மா. முதல் பாதி சும்மா சொல்லக் கூடாது, ஜிவ்வுன்னு போகுது.”

“ஹீரோ எப்ப வர்றான்?” என்று கேட்டாள் டைப்பிஸ்ட் அம்மா. பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு கொஞ்சம் குழறும். கிண்டல் குழறாது.

“முதல்ல செருப்பு வருது. அப்புறம் முழங்கால். அப்புறம் பெல்ட்டு. முகம் வந்து சேர்றதுக்குள்ள எனக்கு பாதி பாப்கார்ன் காலி.”

“ஆளைத் தவணை முறைல காட்டறாங்களா?”

“அதேதான். ஆனா கூட வர்ற கிளீனர் இருக்கான் பாருங்க, கண்ணாலயே பேசறான். அவன் சண்டைல அடிபட்டு விழறான். ஹீரோ அவனை மூட்டை மாதிரி தோள்ல போட்டுக்கிட்டு ஓடறான். முதுகெலும்பு உடைஞ்சவனை அப்படித் தூக்கினா அவன் ஆயுசுக்கும் எழுந்திருக்க மாட்டான். படம் எடுக்கறவங்க ஒரு நர்ஸைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“சரி, செகண்ட் ஹாஃப்?”

அக்கா துணியை மறுபடி வெந்நீரில் முக்கினாள். “இழுவைம்மா” என்றாள், பிழிவதில் மும்முரமாக.

வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். முறையாகப் படித்துப் பயிற்சி எடுத்தவள். டைப்பிஸ்ட் அம்மாவை இரவும் பகலும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இடுப்புக்கு அடியில் புண் வராமல் இரவில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்; கூப்பிடும்போதெல்லாம் பெட்பேன் வைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. அன்று அம்மாவின் மகன் வீட்டில் இருப்பான். அக்கா தங்கை வீட்டுக்குப் போய்த் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மதியக் காட்சிக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். புதுப்படம் எது வந்தாலும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவாள் என்பதால்தான் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்னால் ரிசல்ட் கேட்பார். அவள் “போகலாம்” என்றால் குடும்பத்தோடு போவார். “டிவில வரட்டும்” என்றால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

விஷயம் என்னவென்றால், அவள் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை.

முதல் பாதியைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். இடைவேளையில் ஒரு டீ குடிப்பாள். விளக்கு மறுபடி அணையும். குளுகுளுவென்று காற்று, மெத்தை நாற்காலி, யாரும் கூப்பிடாத இருட்டு. வாரம் முழுக்கச் சேர்ந்த தூக்கம் அப்படியே வந்து அமுக்கிவிடும். திரையில் துப்பாக்கி வெடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். சனம் எழுந்து நடக்கும் சத்தத்தில்தான் விழிப்பு வரும். படியிறங்கும்போது முன்னால் போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பாள், காதில் விழும் இரண்டு வார்த்தையைப் பொறுக்கிக்கொள்வாள். அதற்கு மேல் “செகண்ட் ஹாஃப் இழுவை” என்று ஒரு முத்திரை. பெரும்பாலான படங்களுக்கு அது பொருத்தமாகவே இருந்துவிட்டதால், அவளை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவளுக்குத்தான் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் செருப்புக்குள் கல் கிடப்பதுபோல் உறுத்தும். அடுத்த வாரம் முழித்திருந்து பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பாள். அடுத்த வாரமும் தூங்கிவிடுவாள்.

சக்கர நாற்காலியில் வெளியே போய் வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே டைப்பிஸ்ட் அம்மா சினிமாவுக்குப் போக வேண்டும் என்றாள். மகன் ஏசி மெக்கானிக். முப்பதைத் தாண்டியவன், அதிகம் பேசாதவன். அவன் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம்.

“எந்தப் படம்னு அக்காவே சொல்லட்டும். இந்த ஊருக்கே அவங்கதான் தீர்ப்பு” என்றான்.

“லாரிக்காரன் வேண்டாம், ஒரே சத்தம்” என்றாள் அக்கா. “பேய்ப்படம் ஒண்ணு ஓடுது. பேய் பாவம், சும்மாதான் நிக்குது. பின்னணி இசைக்காரர்தான் நம்ம உயிரை எடுக்கறாரு. அம்மா-மகன் படம் போங்க. லாண்டரிக் கடை வெச்சிருக்கற அம்மா. வாடிக்கைக்காரங்களை அவ வாங்கற வாங்கு இருக்கே, தியேட்டரே சிரிச்சு உருளுது. வெட்டு, குத்து, ரத்தம் எதுவும் இல்ல.”

டைப்பிஸ்ட் அம்மா நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “ஆஸ்பத்திரி சீன் வருதாடி? வந்தா இப்பவே சொல்லிடு. படுக்கை, பெட்பேன் எல்லாம் நான் வீட்லயே தினம் பாக்கறேன். காசு குடுத்து வேற பாக்கணுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். படம் பார்த்த யாரையாவது கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மகன் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அதெல்லாம் ஒண்ணும் வராதும்மா. நல்லபடியா முடியுது” என்றாள் ரிசல்ட் அக்கா.

தியேட்டரில் ஓரத்து வழியில் நாற்காலியை நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்தாள். முதல் பாதி அவள் சொன்னபடியே இருந்தது. லாண்டரிக்காரி ஒரு வாடிக்கைக்காரனிடம், “சட்டைல பட்ட கறையை எடுத்துடறேன், உன் பேர்ல பட்டதை நீதான் துவைச்சுக்கணும்” என்றபோது டைப்பிஸ்ட் அம்மா ஒரு பக்க வாயால் சத்தம் போட்டுச் சிரித்தாள். மகன் படத்தை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்தான்.

இடைவேளைக்குப் பிறகு லாண்டரிக்காரி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அடுத்த காட்சியில் படுக்கையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஒரு தடவை வரவே இல்லை.

திரையில் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவைத் துடைத்தான். அவனுக்கு வெளிநாட்டு வேலை வந்தது. அம்மாவை விட்டுப் போக முடியாமல் மொட்டை மாடியில் நின்று அழுதான். அது அம்மா காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து அவள் சாப்பாட்டையும் தண்ணீரையும் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியே கொட்டத் தொடங்கினாள். முகம் வாடாமல், உதடு வெடிக்காமல், தலை கலையாமல் சிரித்தபடியே செத்துப்போனாள். மகன் விமானம் ஏறினான். மேகத்துக்குள் அம்மா சிரித்தாள். பாட்டு வந்தது. தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார்.

லாண்டரிக்காரி சாப்பாட்டைக் கொட்டத் தொடங்கியபோதே அக்கா சக்கரத்தின் பூட்டை எடுக்கக் குனிந்திருந்தாள். “போயிடலாம்மா.”

“இரு” என்றாள் டைப்பிஸ்ட் அம்மா. “முடிவைப் பாக்கணும்.”

பக்கத்தில் அவள் மகன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வீடு வந்து கதவைத் திறக்கும்போது டைப்பிஸ்ட் அம்மா, “நல்லாத்தான் எடுத்திருக்கான்” என்றாள்.

அடுத்த நாள் காலை டீயில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. பதினொரு மணி ஜூஸ் வேண்டாம் என்றாள். மதியம் சூப்பில் இரண்டு கரண்டி. தண்ணீர் கேட்கவே இல்லை, கொடுத்தால் “தாகமில்ல” என்றாள். மாலையில் பெட்பேனை எடுத்த அக்கா ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். கொஞ்சமே கொஞ்சம், பால் விடாத டீயின் நிறம். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். வயசான தோல் எப்போதுமே மெதுவாகத்தான் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அதைவிட மெதுவாக இறங்கியது. நாக்கும் காய்ந்திருந்தது.

இந்த வீட்டுக்குள் அந்தப் படத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தப் படத்தோட செகண்ட் ஹாஃபை நான் பாக்கல. தூங்கிட்டேன். பாத்த மாதிரி உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

டைப்பிஸ்ட் அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். “அப்ப லாரிக்காரன்?”

“அதுவும்தான். எல்லாப் படமும்தான்.”

“கிளீனர் பொழைச்சானா இல்லையா?”

“தெரியாதும்மா.”

“அடிப்பாவி! அவன் ஆயுசுக்கும் எழுந்திருக்க மாட்டான்னு நீ சொல்லி நான் ரெண்டு நாள் வருத்தப்பட்டேனேடி.”

அக்காவுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. வரவில்லை. டைப்பிஸ்ட் அம்மா பார்வையைக் கூரைப் பக்கம் திருப்பினாள்.

“எப்படித் தூக்கம் வராம இருக்கும்? ராத்திரி பூரா நான்தானே உன்னை எழுப்பறேன். பாத்தியா, நீயும் தூங்கல, அவனும் கல்யாணம் பண்ணிக்கல. அந்தப் படத்துல சொன்னது தப்பே இல்ல.”

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொன்ன கதையாகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்து வந்தவள் அதை அந்தக் கட்டில் மேலேயே இறக்கி வைத்துவிட்டாள். “அது என் வேலைம்மா” என்றாள். அந்தப் பதில் அவளுக்கே ஒட்டவில்லை.

மகன் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். அக்கா சமையலறை வாசலில் நின்று சுருக்கமாகச் சொன்னாள்.

“தம்பி, உங்கம்மா தண்ணி குடிக்கறதை நிறுத்திட்டாங்க. படத்துல பாத்ததைச் செய்யறாங்க. தப்பு என்னோடது. பாக்காத படத்தைப் பாத்தேன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போக வெச்சேன். அதுக்கு நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க, அப்புறமா. நாளைக்கும் குடிக்கலைன்னா டாக்டரைக் கூப்பிட்டு ஊசி வழியாதான் ஏத்தணும்.”

அவன் முகம் கறுத்தது. “நீங்க சொன்னீங்கன்னுதானே கூட்டிட்டுப் போனேன்.”

“ஆமா.”

“எனக்கு அவங்க முகத்தைப் பாக்கவே முடியலக்கா. நான் என்ன பேசறது?”

“வேற எதுவும் பேச வராதுன்னா படத்தைப் பத்திப் பேசுங்க. எது நல்லாருந்துச்சு, எது நல்லா இல்லன்னு. முழுப் படத்தையும் பாத்தவர் நீங்க.”

அவன் ஈரக் கையோடே உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“அந்த லாண்டரிக்காரியா நடிச்சவங்க நல்லா பண்ணியிருந்தாங்கம்மா” என்று தொடங்கினான்.

“ம்.”

“ஆனா கதைல பெரிய ஓட்டை. அந்தப் பையன்கிட்ட யாருமே ஒரு வார்த்தை கேக்கல. அவளா முடிவு பண்றா, அவளா செத்துப்போறா. அவன் கொலைகாரன் மாதிரி பிளேன்ல போய் உக்காரறான். இதுக்கு ஒரு பாட்டு!”

“அவன் நல்லதுக்குத்தானேடா செஞ்சா.”

“என்ன நல்லது? இனி அவன் தண்ணி டம்ளரைப் பாக்கறப்பெல்லாம் அதானே ஞாபகம் வரும். அந்த டைரக்டர் மேகத்தைக் காட்டி முடிச்சுட்டான். அவன் போய் இறங்கின ஊர்ல மறுநாள் எப்படி இருந்தான்னு காட்டினானா?”

டைப்பிஸ்ட் அம்மா அவன் பக்கம் திரும்பினாள். பிறகு, “மொட்டை மாடில அவன் அழுதானே, அது பொய்யா?” என்றாள்.

அக்கா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அழுகை வெறும் சினிமாப் பொய் என்று மகன் சமாளிக்கப் போகிறானோ என்று பயந்தாள்; அப்படிச் சமாளித்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு இப்போது தெரியும்.

“அது நெஜம்தான்” என்றான் மகன். “எனக்கும் சில நாள் அலுப்பா இருக்கும்மா. ஓடிப் போயிடலாம்னுகூட இருக்கும். தூங்கி எழுந்தா சரியாப் போயிடுது. அதுக்காக நீ தண்ணி குடிக்காம இருப்பியா?”

அவன் நீட்டிய டம்ளரில் அவள் இரண்டு மடக்குக் குடித்தாள். அவன் மனம் நோகக் கூடாது என்றுதான் குடித்தாள் என்பது அக்காவுக்குப் புரிந்தது.

மறுநாள் காலை மகன் வேலைக்குக் கிளம்பும் முன் டீயை ஆற்றிக் கொண்டுவந்தான். அம்மாவின் தலையைப் பின்னால் சாய்த்து வாயில் ஊற்றப் போனான்.

“அப்படிக் குடுக்காதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும்” என்று அக்கா அவன் கையைத் தடுத்தாள். “நேரா உக்கார வெக்கணும். தாடை நெஞ்சுப் பக்கம் இருக்கணும். வாய்ல நல்ல பக்கமா, ஒவ்வொரு மடக்கா. முழுங்கினதைப் பாத்துட்டுத்தான் அடுத்தது.”

அவள் சொன்னபடி அவன் மறுபடி முயன்றான். முதல் மடக்கு தாடையில் வழிந்தது. இரண்டாவது இறங்கியது.

“சர்க்கரை போட்டியா இல்லையாடா?” என்றாள் டைப்பிஸ்ட் அம்மா.

“போட்டேன்.”

“எங்க போட்ட? அடுத்த வீட்டு டீலயா?”

டீ முழுதும் இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவன் சொல்லவில்லை. அவள் அவன் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி வாயைத் திறந்தாள்.

அவன் போன பிறகு அக்கா பெட்பேனை எடுத்து ஜன்னலருகே பார்த்தாள். நேற்றைவிடக் கொஞ்சம் வெளுப்பு. இன்னும் வெளுக்க வேண்டும். அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள்.

“இப்பதானேடி டீ குடிச்சேன்.”

“அது உங்க மகன் குடுத்தது. இது நான் குடுக்கறது” என்று சொல்லி, தலையணையை நிமிர்த்தி, அவள் தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.